செயலாளர் ஆண்டறிக்கை: உயிரிப் பாதுகாப்புப் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தாராவி, சயான், செம்பூரிலிருந்து மாதுங்கா வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் பிள்ளைகளுக்கு நோட்டு வழங்கியதும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய உயிரிப் பாதுகாப்புப் பயிற்சியை, அதாவது வேலையில் நோய்க்கிருமி நம்மிடமோ பிறரிடமோ தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சியைப் பற்றி.

நம்மில் பாதிப்பேர் லேபில் வேலை செய்கிறோம். மீதிப்பேர் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மருத்துவமனைத் துப்புரவு. லேபில் ஒன்று சிந்தினாலும் தெருவில் ஒருவர் புதுக் காய்ச்சலில் விழுந்தாலும் முதலில் கை வைப்பது நாம்தான். ஆனால் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியது இந்த வருடம்தான்.

முதல் வகுப்பில் எல்லோரும் கவுன், மாஸ்க், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டார்கள். கிருமி என்று வைத்துக்கொண்டு கையுறைமேல் குழைத்த மஞ்சளைத் தடவிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னோம். பல வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிய அண்ணன் ஒருவருக்குக் காதுக்குப் பின்னால் மஞ்சள் ஒட்டியிருந்தது. கையுறையோடே மாஸ்க் நாடாவை இழுத்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்படியே போய்த்தானே பேத்தியைத் தூக்கியிருப்பேன்" என்றார். அன்றே மூன்று முறை திரும்பச் செய்து பழகினார். கையுறையை உள்புறம் வெளியே வரும்படி உருவ வேண்டும். கையைச் சுத்தம் செய்த பிறகு, கடைசியாகத்தான் மாஸ்க், அதுவும் நாடாவை மட்டும் பிடித்து.

தபாலில் சந்தேகப்படும்படியான பொடி வந்தால் என்ன செய்வது என்று தீயணைப்புத் தோழர்கள் காட்டினார்கள். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி கலந்த தூள் தபாலில் வந்து 5 பேர் இறந்தார்கள். அதில் இருவர் தபால் நிலைய ஊழியர்கள். அந்த உறைகளை அவர்கள் திறக்கவே இல்லை. உதறாதே, முகராதே, ஃபேனை நிறுத்து, அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்து, சோப்பால் கை கழுவு, 112க்குச் சொல். அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வை.

லேப்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண லாமினார் மேசையில் (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேசை) காற்று நம் முகத்தை நோக்கி வரும். மாதிரியைத்தான் அது காக்கும், நம்மை அல்ல. நோய்க்கிருமி வேலைக்கு, காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி நம்மையும் காக்கும் பயோசேஃப்டி கேபினெட்தான் வேண்டும்.

அப்புறம், நம் மும்பைக் கதை ஒன்று. பைகுலாவில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். 1902இல் அன்றைய பஞ்சாபின் முல்கோவாலில், ஒரே பாட்டிலிலிருந்து அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். பழி தடுப்பூசியைத் தயாரித்த ஹாஃப்கினின் பம்பாய் லேப்மேல் விழுந்தது. பாட்டிலைத் திறந்த இடுக்கி முல்கோவாலிலேயே தரையில் விழுந்ததும், சரியாகச் சுத்தம் செய்யாமல் அதையே பயன்படுத்தியதும் விசாரணையில் தெரிந்திருந்தன. அப்படியிருந்தும் ஹாஃப்கின்மேல் இருந்த பழி நீங்க 1907 ஆயிற்று.

விழுந்த இடுக்கியைப் பார்த்தவர் அப்போதே "வேண்டாம், வேறு எடுங்கள்" என்று சொல்லியிருந்தால்? இன்றும் நாம் சொல்வதில்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். நம் உறுப்பினர் ஒருவர் வேலை செய்யும் லேபில், மாதிரி சிந்தியதைச் சொன்ன பையனுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அடுத்த முறை சிந்தினால் அந்தப் பையன் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதனால் சங்க அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம், இடம் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதலாம். முதல் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது கட்டைவிரலில் குத்திக்கொண்டு, இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததை எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அதைப் படித்துப் பேசுகிறோம்.

வரும் ஆண்டில் துப்புரவுப் பணியாளர்களுக்கு முதலிடம் கொடுத்து, அவர்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில் வகுப்பு நடத்த உத்தேசம். கையுறை, கவுன் வாங்க உறுப்பினர்கள் உதவ வேண்டும். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்