மணி அடிச்ச எல்லாருக்கும் ரொம்ப நன்றி

எல்லாருக்கும் வணக்கம். யூட்ரெக்ட் மீன் மணி இந்த வருஷத்துக்கு முடிஞ்சிடுச்சு, கூட உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு நன்றி சொல்லாம விட்டா மனசு கேக்காது.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். நெதர்லாந்துல யூட்ரெக்ட் நகரத்துக்குள்ள வேர்ட்ஸ்லாய்ஸ்னு ஒரு பழைய படகு மதகு இருக்கு. வசந்த காலத்துல மீனுங்க முட்டை போட ஆழமில்லாத தண்ணி தேடி அந்த வழியா வரும், அந்த நேரம் பார்த்து படகு போக்குவரத்து கம்மி, கதவு மூடியே கிடக்கும், மீனுங்க வாசல்லயே நிக்கும், பறவையும் பெரிய மீனும் வந்து பிடிச்சுத் தின்னும். அதனால 2021ல தண்ணிக்கு அடியில கேமரா வெச்சு நேரலையா விட்டாங்க, மீன் தெரிஞ்சா ஸ்கிரீன்ல இருக்குற மணியை அழுத்தணும், படம் அதை நடத்துறவங்களுக்குப் போகும், கூட்டம் சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சா மதகுக்காரர் கதவைத் திறப்பார்.

சிங்கப்பூர்ல உட்கார்ந்துகிட்டு நாம என்னத்த கிழிக்கப் போறோம்னு கேட்டவங்களும் உண்டு. அங்க மீன் அதிகமா நகர்றது இருட்டுன பிறகு, ஊரே தூங்குற நேரம். அங்க ராத்திரி ரெண்டு மணின்னா மார்ச்ல இங்க காலை ஒம்போது. வேலைக்குப் போறவங்களை விட வீட்ல இருக்குற நம்ம பாட்டி தாத்தா கண்ணுக்குத்தான் அங்க மதிப்பு!

ரோஸ்டர் போட்ட உட்லண்ட்ஸ் அக்காவுக்கு முதல் நன்றி. மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாக்காரங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சதும் ஏழு மணி நேர வித்தியாசம் ஆறா மாறிடுச்சு, அக்கா அன்னிக்கே எல்லாருக்கும் புது நேரம் அனுப்பிட்டாங்க, இல்லேன்னா பாதி பேரு தப்பான நேரத்துல உட்கார்ந்திருப்போம்.

ஈசூன் பாட்டி, உங்களை என்ன சொல்றது. ஸ்கிரீன்ல பெரும்பாலும் பச்சைக் கலங்கலும் மிதந்து போற இலையும்தான். நாங்க எல்லாம் இலைக்கு மணி அடிச்சிட்டு இருந்தப்ப, நீங்க ஓரத்துல செவுளு மட்டும் அசையறதைப் பார்த்து "அங்க ஒண்ணு நிக்குது பாரு"ன்னீங்க. உடம்புல கறுப்புப் பட்டை, அடிப்பக்கம் செக்கச் செவேல்னு துடுப்பு, பெர்ச் மீன்! தேக்கா மார்க்கெட்ல இத்தனை வருஷம் மீன் பொறுக்குன கண்ணு சும்மாவா.

செக்யூரிட்டி வேலை பார்க்குற தம்பி, டூட்டி முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல தூங்கி வழியற நேரத்துலயும் போனைப் பார்த்துட்டு வந்தீங்களே, நன்றிப்பா. பிடோக் மாமா பிள்ளைங்களை மரினா அணைக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அந்த 9 கதவையும் காட்டி, இது கடல் தண்ணியை வெளிய நிறுத்துறதுக்கு, யூட்ரெக்ட்ல இருக்கறது படகை ஏத்தி இறக்க, ஆனா மீனுக்கு ரெண்டும் மூடுன கதவுதான்னு சொன்னாராம். நான் பக்கம் பக்கமா எழுதி அனுப்புனதை விட அதுதான் பசங்க மண்டையில ஏறுச்சு.

விலாங்கு பத்தி கேட்ட உயர்நிலை மூணு மாணவிக்கும் ஒரு நன்றி, உன்னாலதான் நானும் தேடிப் படிச்சேன். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கோட மேற்குப் பக்கம் இருக்குற சர்காசோ கடல்ல பொறந்து, அட்லாண்டிக்கைக் கடந்து ஆத்துக்குள்ள ஏறி வளர்ந்து, முட்டை போட மறுபடி அங்கயே திரும்பிப் போகுது. அழியுற நிலையில இருக்குற இனம் வேற. ஐரோப்பா ஆறுகள்ல கிட்டத்தட்ட 12 லட்சம் தடுப்பு இருக்குன்னு 2020ல கணக்கு போட்டாங்க, அதுல பாதிக்கு மேல ரெண்டு மீட்டர் உயரம்கூட கிடையாது. பெரிய அணைன்னாதான் நம்ம கண்ணுல படுது, முட்டி உயர சுவரு மீனை மறிக்குதுன்னு யாரு யோசிக்கிறா.

கோப்பியும் வடையும் குடுத்து எங்களைத் தாங்குன பிளாக் கீழ் வீட்டு அண்ணிக்கும் நன்றி. அடுத்த மார்ச்ல திரும்ப ஆரம்பிக்கும்போது பகல் பன்னெண்டு மணி ஸ்லாட்டுக்கு ஆள் வேணும், அங்க அது அதிகாலை நேரம், இந்த வருஷம் அதுலதான் அடிக்கடி ஆளில்லாம போச்சு. முடிஞ்சவங்க அக்காகிட்ட இப்பவே பேர் குடுத்துடுங்க.