நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு, மழை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றிரவு போனில் உன்னிடம் கத்தியதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. காலையில் காப்பி மட்டும் மேசைக்கு வந்தது. போனில் பேசினால் பாதியிலேயே கோபம் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கொரியாவில் நீ சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு 15, வண்டி ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்ததற்கு 15. ஆக 30 தண்டப்புள்ளி. அங்கே 40 ஆனால் உரிமத்தை முடக்குவார்கள், ஒரு புள்ளிக்கு ஒரு நாள் கணக்கு. இன்னொரு சிவப்பு விளக்கு போதும், 45 நாள் நீ பஸ்ஸில்தான் வேலைக்குப் போகவேண்டும்.

உன் தங்கை படித்துப் பார்த்துச் சொன்னாள். 40-ஐத் தொடுவதற்கு முன்பே நீயாகப் போய், சாலைப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் 4 மணி நேரம் உட்கார்ந்தால் 20 புள்ளி கழியுமாம். உனக்கு மிஞ்சுவது 10. தொட்டுவிட்டால் அந்தச் சலுகை இல்லை. அப்புறம் வகுப்புக்குப் போனாலும் முடக்கிய நாட்களில்தான் கொஞ்சம் குறைப்பார்கள். அந்த 20 புள்ளிச் சலுகையையும் வருடத்துக்கு ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.

ஒரு வருடம் குற்றமும் விபத்தும் இல்லாமல் ஓட்டினால் தானாகவே அழிந்துவிடும் என்கிறாய். உண்மைதான். நம் ஊரில் போக்குவரத்து அபராதச் சம்மனுக்குக் கழிவு அறிவிக்கட்டும் என்று காத்திருப்பார்களே, அந்தப் புத்தி உனக்கும் ஒட்டியிருக்கிறது. கொரிய மொழியில் நாலு மணி நேரம் தாங்காது என்கிறாய். அந்த மொழியில்தானே மேலாளரிடம் லீவு கேட்கிறாய்?

கேமராவில் சிக்கினால் வண்டி உரிமையாளருக்கு அபராதத்தோடு போய்விடும், போலீஸ் நிறுத்திப் பிடித்தால்தான் புள்ளி என்று நீயே சொன்னாய். அப்படியானால் 30 என்பது போலீஸ் கண்ணில் பட்ட கணக்குதானே தம்பி? மிச்சம் எவ்வளவு? இதைக் கேட்டபோதுதான் நீ போனை வைத்தாய்.

கேட்க எனக்கும் யோக்கியதை இல்லை. இருபத்தெட்டு வருடம் லோரி ஓட்டி ஒரு சம்மன்கூட வாங்காதவன் என்று காப்பிக் கடையில் பீற்றிக்கொள்வேனே, அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். இதை உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. நீ பிறந்த வருடம். லோரியில் செம்பனைக் குலை, அதுதான் எண்ணெய் எடுக்கும் பனம்பழக் குலை, ஏற்றினால் மேலே வலை கட்டவேண்டும். ஆலையில் வரிசை நீண்டுவிடுமே என்ற அவசரத்தில் அன்று கட்டவில்லை. தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டில் ஏறும் வளைவில் ஒரு குலை உருண்டு விழுந்தது. இருபது கிலோ இருக்கும், உடம்பெல்லாம் முள். பின்னால் பால் வாளிகளோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

கண்ணாடியில் முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. தார் ரோடு முழுக்க ரப்பர் பால். அவர் கால்வாயிலிருந்து எழுந்து வந்தார். காற்சட்டை முட்டியில் கிழிந்து ரத்தம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி உள்ளே பார்த்துவிட்டு, "இன்றைய கூலி போய்விட்டது, அண்ணே" என்றார். பத்து வெள்ளி நோட்டைக் கையில் திணித்தேன். குலையை ஓரமாக உருட்டிவிட்டு ஆலைக்குப் போய்விட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே லோரிதான் நின்றன.

அவரை மருத்துவமனைக்கு ஏற்றிப் போகலாமே என்றுகூட அப்போது தோன்றவில்லை. எனக்குப் புள்ளி போட யாரும் இல்லை. நாலு மணி நேரம் உட்காரவைக்கவும் யாரும் இல்லை.

இந்த வாரமே வகுப்புக்குப் பதிந்துகொள். தேதி கிடைத்ததும் முதலில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல். நாளைக் காப்பியோடு ஒரு வார்த்தையும் வருகிறதா பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா