டெரன்ஸ் டிக்ஸைப் படியெடுப்பவர் என்று சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சிறுவர் வாசிப்பு குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை. நடுவில் வந்த ஒரு வரிதான் உறுத்தியது. டிவி தொடர்களைப் புத்தகமாக்குகிறவர்கள் எழுத்தாளர்கள் அல்ல, வெறும் படியெடுப்பவர்கள் என்று எழுதி, அதற்கு எடுத்துக்காட்டாக ‘டாக்டர் ஹூ’ புத்தகங்களைக் காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். வேறு எதைக் காட்டியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளி நூலக அலமாரியும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஈஸ்ட் ஹாம் என்றால் நம்மவர்களுக்கு முருகன் கோவில், ஹை ஸ்ட்ரீட் நார்த், தோசைக் கடை. அந்தப் புத்தகங்களில் 60க்கும் மேற்பட்டவற்றை எழுதிய டெரன்ஸ் டிக்ஸ் 1935இல் பிறந்ததும் இதே ஈஸ்ட் ஹாமில்தான். தோசை சாப்பிட வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது ‘டாக்டர் ஹூ’. வேற்றுக்கிரகத்துக்காரரான டாக்டர், டார்டிஸ் என்ற கலத்தில் காலத்தையும் வெளியையும் தாண்டிப் போவார். வெளியிலிருந்து பார்த்தால் அது நீல நிறப் போலீஸ் பெட்டி. நடிகர் விலகினால் டாக்டரின் உடலே மாறிவிடும், கதை தொடரும். 1989இல் நின்றுபோய், 2005இல் மறுபடி தொடராக வந்தது.

டிக்ஸ் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். ராணுவச் சேவை முடித்து விளம்பரத் துறையில் வாசகம் எழுதினார், வானொலிக்கும் எழுதினார். மால்கம் ஹல்க் என்ற மூத்த எழுத்தாளரின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர், அவரோடு சேர்ந்து டிவிக்கும் எழுத ஆரம்பித்தார். 1968இல் ‘டாக்டர் ஹூ’வின் ஸ்கிரிப்ட் பிரிவுக்கு வந்தார். மறு வருடமே பெரிய சிக்கல். வரவேண்டிய இரண்டு கதைகள் கைகூடாமல் போக, பத்து எபிசோட் இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். டிக்ஸும் ஹல்க்கும் உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதியதுதான் ‘தி வார் கேம்ஸ்’. டாக்டர் எந்த இனத்தைச் சேர்ந்தவர், ஏன் ஊரைவிட்டு ஓடி வந்தார் என்பது தொடர் தொடங்கி ஆறு வருடம் கழித்து அந்தக் கதையில்தான் வெளிப்பட்டது. அந்த இனத்துக்கு டைம் லார்ட்ஸ் என்ற பெயரும் அதில் வந்ததுதான்.

அப்புறம் 1974 வரை அவர்தான் ஸ்கிரிப்ட் எடிட்டர். தயாரிப்பாளர் பேரி லெட்ஸோடு சேர்ந்து கதை யோசிப்பது, எழுத்தாளர்களைப் பிடிப்பது, வந்ததைச் செப்பனிடுவது, தேறாததைத் தானே உட்கார்ந்து எழுதுவது எல்லாம் அந்த வேலைக்குள் அடக்கம். பதவியிலிருந்து விலகும்போது, ‘போகிற ஸ்கிரிப்ட் எடிட்டர்தான் அடுத்த சீசனின் முதல் கதையை எழுதுவது மரபு’ என்று சொல்லி வாய்ப்பை வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு மரபே கிடையாது, நானே உண்டாக்கினேன் என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. ஆக, கட்டுரையாளர் சொல்கிற ‘மூலத்தை’ உண்டாக்கியவர்களில் ஒருவர் இந்த மனிதர். இதைத் தெரிந்துகொண்டு படியெடுப்பவர் என்று எழுதினாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். இன்றைய பிள்ளைகளிடம் ஒன்றை விளக்குவது கஷ்டம்: அந்தக் காலத்தில் ஒரு எபிசோட் ஒளிபரப்பானால் அதோடு போயிற்று. வீடியோ கிடையாது. நடிகர் சங்க ஒப்பந்தத்தால் மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு. வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து அதன்மேல் புதிய நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளையை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த ஃபிலிம் பிரதிகளும் விற்பனை முடிந்ததும் அழிந்தன. 1978 வாக்கில்தான் இந்த அழிப்பு நின்றது. அறுபதுகளின் எபிசோட்களில் நூற்றுக்கு நெருக்கமானவை இப்படிக் காணாமல் போயின. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த ரசிகர்களால் ஒலி மட்டும் முழுவதும் தப்பியது. ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் ஓடிக்கொண்டிருக்கும் டிவி திரையைப் படமெடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். அந்தப் படங்களில் பலவும் பிழைத்தன.

1973இல் டார்கெட் என்ற பதிப்பகம் பழைய டாக்டர் ஹூ நாவல்கள் மூன்றை மலிவுப் பதிப்பாகப் போட்டது. அவை நன்றாக விற்கவே, புதிதாக எழுத ஆள் தேடி பிபிசிக்கு வந்தார்கள். நானே எழுதுகிறேன் என்றார் டிக்ஸ். 1974 ஜனவரியில் அவருடைய முதல் நாவல் வந்தது: ‘தி ஆட்டன் இன்வேஷன்’. ராபர்ட் ஹோம்ஸ் டிவிக்கு எழுதிய கதை அது. டிவியில் பார்த்திராத சிறுவன் குழம்பக் கூடாதென்று, ‘தி வார் கேம்ஸ்’ முடிவில் டாக்டர் மீது டைம் லார்ட்ஸ் நடத்திய விசாரணையை முதலில் ஒரு முன்கதையாக எழுதிச் சேர்த்தார் டிக்ஸ். கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் துணிக்கடை பொம்மைகள் உயிர்பெற்றுத் தெருவுக்கு இறங்கும் இடத்தில், டிவியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். உடைக்கப் பணம் இல்லை. புத்தகத்தில் உடைப்பதற்கு என்ன செலவு? ‘டே ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையில் மாளிகையைத் தாக்க வரும் டாலெக் (டாக்டரின் பரம எதிரிகள், உலோகக் கூட்டுக்குள் இருக்கும் பிறவிகள்) படைக்கு பிபிசியிடம் இருந்தவை மூன்றே மூன்று டாலெக்குகள். காகிதத்தில் அந்தத் தட்டுப்பாடும் கிடையாது.

கட்டுரையாளருக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ பற்றி. 1968இல் ஆறு எபிசோட்களாக வந்த கதை. லண்டன் டியூப் ரயில் சுரங்கங்களுக்குள் எட்டி என்கிற பனிமனிதர்கள் புகுந்துவிடுவார்கள். (டிஸ்ட்ரிக்ட் லைனில் ரயில் இருட்டுக்குள் காரணமில்லாமல் நின்றால் எனக்கு இன்றும் இதுதான் ஞாபகம் வரும்.) பிற்பாடு தொடரின் தூண்களில் ஒருவராகிவிட்ட லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி முதன்முதலில் தோன்றுவது இதில்தான். ஆனால் டாக்டரும் அவரும் முதலில் எதிர்ப்படுகிற கணம் திரையிலேயே வராது. டாக்டராக நடித்த பாட்ரிக் ட்ரூட்டன் இரண்டாம் எபிசோடில் இல்லை; மூன்றாவதில் பார்த்தால் இருவரும் ஏற்கெனவே சேர்ந்து நடந்து வருவார்கள். 1976இல் டிக்ஸ் இதை நாவலாக்கியபோது அந்தச் சந்திப்பைத் தானே எழுதினார். சுரங்க இருட்டில் இருவரும் எதிரெதிரே வருவதை, ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டன் என்ற பயணியை ஸ்டான்லி என்ற பத்திரிகையாளர் தேடிக் கண்ட சரித்திரச் சந்திப்போடு ஒப்பிட்டு ஒரு குறும்பும் செய்திருப்பார். படியெடுப்பவனுக்கு இல்லாத காட்சி எங்கிருந்து கிடைக்கும்?

அந்தக் கதையில் முதல் எபிசோட் மட்டும்தான் பல காலம் கையில் இருந்தது. மற்றவை 2013இல் நைஜீரியாவிலிருந்து திரும்பி வந்தன. அப்போதும் மூன்றாவது வரவில்லை. 1976க்கும் 2013க்கும் இடையே, அந்தக் கதை என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு டிக்ஸ் எழுதிய புத்தகம்தான்.

இன்னொரு புத்தகமும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1972இல் ஹல்க்கும் டிக்ஸும் சேர்ந்து ‘தி மேக்கிங் ஆஃப் டாக்டர் ஹூ’ எழுதினார்கள். தொடர் எப்படித் தோன்றியது, ஸ்கிரிப்ட் எப்படிப் படமாகிறது, கடற்படை உதவியோடு ஒரு கதையை எப்படி எடுத்தார்கள் என்பதையெல்லாம் சிறுவர்களுக்குச் சொல்லும் மலிவு விலைப் புத்தகம். கடைசியில் ஒரு பாதிரியாரின் கட்டுரை வேறு! இந்தத் தொடரின் வரலாற்றை எழுதிய முதல் புத்தகம் இதுதான். 1976இல் டிக்ஸ் தனியாகத் திருத்தி மறுபடி வெளியிட்டார். டாக்டரின் குணத்தை அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிவைத்தார்: கொடுமை செய்யமாட்டார், கோழையாக இருக்கமாட்டார், எவ்வளவு பெரிய எதிரி வந்தாலும் விட்டுக்கொடுக்கமாட்டார். 2013இல் தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில் இதையே டாக்டர் எடுத்துக்கொண்ட உறுதிமொழியாக ஆக்கினார் அதை எழுதிய ஸ்டீவன் மொஃபட். இங்கே யாரைப் பார்த்து யார் எழுதினார்கள்?

எல்லாப் புத்தகமும் தங்கம் என்று சொல்லமாட்டேன். எழுபதுகளின் கடைசியில் வந்த சிலவற்றில் வசனத்தை அப்படியே இறக்கி, ‘என்றார்’ ‘என்றாள்’ போட்டு முடித்திருப்பார். வருடத்துக்கு அத்தனை புத்தகம் எழுதினால் அப்படித்தான் ஆகும். டார்டிஸ் வரும்போதெல்லாம் இரைப்பும் முனகலுமாக ஒரே சத்தம், ஒரே சொற்களில். இதைச் சோம்பல் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத பிள்ளைகள் வருவார்கள். 120, 130 பக்கம், நேரான வாக்கியம், அதிலும் திரும்பத் திரும்ப வந்து பழகிப்போன சொற்கள். அந்த இரைப்பு வரியைப் பார்த்ததும், ‘மிஸ், அவர் வந்துவிட்டார்’ என்பான் ஒருவன். அலமாரியில் முதலில் கிழிந்துபோனவை அந்தப் புத்தகங்கள்தான். செலோடேப் ஒட்டியே வைத்திருந்தேன்.

தன் எழுத்தின்மேல் அவருக்கு ரோஷமும் இருந்தது. ‘தி பிரெயின் ஆஃப் மோர்பியஸ்’ என்ற கதையை அவர் ஊரில் இல்லாத நேரத்தில், அவருக்குப் பின் ஸ்கிரிப்ட் எடிட்டரான ராபர்ட் ஹோம்ஸ் பெரிதாக மாற்றி எழுதிவிட்டார். கோபத்தில், என் பெயரை எடுத்துவிட்டு உப்புச்சப்பில்லாத புனைபெயர் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். திரையில் ‘ராபின் பிளாண்ட்’ என்று வந்தது. ஆங்கிலத்தில் ‘பிளாண்ட்’ என்றால் உப்புச்சப்பில்லாதது; அவர் கேட்டதை அப்படியே பெயராக்கிவிட்டார்கள்! அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டதாம். மறு வருடம் அதே கதையை நாவலாக எழுதினார், தன் சொந்தப் பெயரில்.

டிக்ஸ் 2019 ஆகஸ்ட் 29 அன்று, 84 வயதில் காலமானார். 2021இல் அவருடைய நாவல்களில் தேர்ந்தெடுத்த சிலவற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். முதல் தொகுதியில் ‘தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்’ இருக்கிறது. முதல் வரியிலேயே இடிந்த நகரமும், அதன் நடுவே இடிந்துபோன ஒரு மனிதனும் வந்துவிடுவார்கள். எடுத்த எடுப்பில் அப்படி ஒரு வரி எழுத எனக்குத் தெரிந்த பல ‘உண்மையான’ எழுத்தாளர்களால் ஆகாது.

ஆகவே, டிவியிலிருந்து வந்த புத்தகங்களைப் பற்றி அந்தக் கட்டுரையாளர் மறுபடி எழுதுவதாக இருந்தால், அதற்கு முன் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ நாவலைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். அட்டை கொஞ்சம் தளர்ந்திருக்கும். படித்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.