மாமாவுக்குக் கோபம் இல்லை

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடைசி மூன்று மின்னஞ்சல்களுக்கும் நான் பதில் போடவில்லை. அதற்கு நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இன்று வேறு விடயம்.

மாமாவுக்கு உன்மேல் ஏதும் கோபமா என்று கேட்டிருந்தாய். நீ போன் எடுத்தால் இரண்டு வார்த்தையோடு மாமியிடம் கொடுத்துவிடுகிறார் என்று வருந்தியிருந்தாய். காரணம் போன சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எழுபதுகளின் ராக் பாடல்களை வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு டிக்கெட் எடுத்து மாமாவைக் கூட்டிப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டி. காலி வீதி நெரிசலில் ஊர்ந்த அந்த நேரம் முழுக்க சுவிட்சர்லாந்து மொன்ட்ரோ கதைதான். 1971 டிசம்பர் 4, ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி, எவனோ கூரையை நோக்கிச் சுட்ட தீச்சுடர், எரிந்துபோன கசினோ, ஜெனீவா ஏரிமேல் படர்ந்த புகை, இசைத்தட்டுப் பதிவுக்காக வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்ற டீப் பர்ப்பிள் இசைக்குழு. நமக்குப் பதினைந்து வயதில் விறாந்தையில் சொன்னபோது இருந்த அதே சூடு. வலது கை நகங்களை இன்னும் கிட்டாருக்கென்று அளவாக வளர்த்து அராவி வைத்திருக்கிறார்.

மூன்றாவது பாட்டில் என் பக்கம் சாய்ந்து, "அந்தப் பொடியன் சிம்பலை அடிக்கிறானா, சும்மா தொடுகிறானா?" என்று கேட்டார். வழக்கமான குறை என்றுதான் நினைத்தேன். நம் வாசிப்பில் எத்தனை குறை கண்டவர்! ஆனால் பொடியன் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான், என் காதே கூசியது. திரும்பிப் பார்த்தேன். மாமா குறை சொல்லவில்லை மச்சான், உண்மையாகவே கேட்டார். குச்சி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் வந்து சேரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அடுப்பில் கேத்தல் கூவிக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருந்து பத்திரிகை வாசித்தது. தைப்பொங்கலன்று நான் அவருடைய கிட்டாரை எடுத்தபோது மெல்லிய கம்பி சுருதி இறங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கிட்டாரில் ஒரு கம்பி பிசகினாலும் சுவரைத் தட்டிச் சொன்ன மனிதர். வாசிப்பதை விட்டுவிட்டார் போலும் என்று எண்ணி வைத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தீயைப் பற்றி டீப் பர்ப்பிள் பாடிய 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தொடங்கியது. சபை முழுக்க எழுந்தது. மாமா எழவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்தார். "பார், பிக் இல்லாமல் விரலால் வாசிக்கிறான். டீப் பர்ப்பிளின் கிட்டார்காரர் பிளாக்மோர் அப்படித்தான், இரண்டு கம்பியையும் ஒன்றாகக் கிள்ளுவார்." சொல்லிக்கொண்டே என் கையில் அதை வாசித்தார், சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து. ஒரு தட்டுக்கூடத் தாளம் தப்பவில்லை. அடித்தொனி முழுதும் அவருக்குக் கேட்கிறது. முடிந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இடைவேளையில் தேநீரோடு நின்றபடி நேரே கேட்டேன். இரண்டு வருடமாம். "பேஸும் டிரம்மும் வருகின்றன. பேச்சுத்தான் உடைந்து வருகிறது. ஆளின் முகம் தெரிந்தால் ஊகித்துவிடுவேன். போனில் முகம் ஏது? அவன் வேலைக்கு நடுவில் லண்டனிலிருந்து எடுக்கிறான். விளங்காமல் ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கு நான் செய்யும் மரியாதையா?" என்றார். இதுதான் உன்மேல் கோபம்.

பப்பாசியின் மகள் இப்போது காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இருக்கிறாள், அவளிடம் விசாரித்தேன். வயதோடு வரும் செவிட்டில் முதலில் போவது உயர்ந்த தொனிகளாம். உட்காதில் அவற்றுக்கான நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. 'ச', 'த' போன்ற எழுத்துகளின் ஓசை அந்த உயரத்தில் இருப்பதால், பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. கத்திப் பேசிப் பயனில்லை, முகம் பார்த்து நிதானமாகப் பேச வேண்டும். காதுக்கருவி உதவும், பிந்தப் பிந்தப் பழகுவது கடினம் என்றாள். மாமாவோ பரிசோதனைக்கே வர மாட்டேன் என்கிறார். "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்ற ஒரே பாட்டு. நான் சொன்னால் கேட்க மாட்டார், மாமி சொன்னால் சண்டை. நீ சொன்னால் கேட்பார். நம் மூவரில் கிட்டார் கைவந்தவன் நீதான் என்று இன்றும் சொல்கிறார்.

ஆகவே போன் எடுக்காதே, கடிதம் எழுது. தபாலில், தாளில். கருவியைப் பற்றி முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடாதே. நீ போன வருடம் மொன்ட்ரோவுக்குப் போனதை அவருக்கு இன்னும் சொல்லவில்லையே, அதிலிருந்து தொடங்கு. திரும்பக் கட்டிய கசினோ எப்படி இருக்கிறது, கரையிலிருந்து ஏரி எவ்வளவு தூரம் தெரிகிறது, ஃபிரெடி மெர்குரியின் சிலை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, எல்லாம் எழுது. ஆடிவேல் திருவிழாவுக்கு வரும்போது நீயே காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவதாகச் சொல், நான் நாள் எடுத்து வைக்கிறேன்.

எழுத்தை மட்டும் பெரிதாக எழுது. மூக்குக் கண்ணாடி மாற்றவும் மறுக்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்