ஒரு ஆழாக்கா, ரெண்டு ஆழாக்கா

அன்புள்ள கார்த்தி,

உனக்குப் பதவி உயர்ந்ததைத் தெருவே பேசுகிறது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் பின்னால் மேசையில் மூன்று காகிதப் பைகள், எண்ணெய் ஊறி அடிப்பக்கம் கண்ணாடிபோல. போன ஞாயிறும் அப்படியே. சுதா குரலும் கேட்கவில்லை. சரி, அதை விடு.

வாரத்துக்கு எத்தனை தடவை இந்தக் கடைச் சாப்பாடு? ‘எப்பவாவதுதான்மா’ என்பாய். எண்ணிப் பார்க்காதவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். உன் சிகாகோவையும் சேர்த்து நாலு நகரங்களில் 1985-86இல் 18 முதல் 30 வயதுக்காரர்களை வைத்து கார்டியா என்ற இதய நோய் ஆய்வைத் தொடங்கினார்கள். 15 வருஷம் கழித்து, துரித உணவுக் கடைக்கு வாரம் ரெண்டு தடவைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தவர்களுக்கு, வாரம் ஒரு தடவைக்கும் குறைவாகப் போனவர்களைவிட நாலரை கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாமல் சர்க்கரை நோய்க்கு வழி விடுவது, அதுவும் அவர்களைவிட ரெண்டு மடங்கு கூடுதலாக ஏறியிருந்தது. தாத்தாவின் கட்டைவிரலை மறந்துவிடாதே.

ஃபிரிட்ஜ் கதவில் காலண்டர் மாட்டு. வாங்கின நாளில் ஒரு புள்ளி. வண்டியில் இருந்தபடி ஜன்னலில் வாங்கியதும் ஆபீஸில் யாரோ வாங்கித் தந்ததும் கணக்குத்தான். நாலு வாரமாவது வை. ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாய். எந்தக் கிழமையில் புள்ளி குவிகிறதோ, அந்தக் கிழமைக்கு வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கட்டும்.

ஞாயிறு ஒரு ஆழாக்கு துவரம்பருப்பு, மூன்று பங்கு தண்ணீர், மஞ்சள்தூள், நாலு விசில். ஆறினதும் நாலு டப்பாவில் ஃப்ரீசரில் வை. வாய்வரை நிரப்பாதே, உறைந்தால் உப்பி மூடியைத் தள்ளும். உருளைக்கிழங்கு போடாதே, உறைந்து இளகினால் மாவுமாவாகிப்போகும். தாளிப்பது சுடவைக்கும் அன்றைக்கு. சோற்றை ராத்திரி முழுக்கக் குக்கரிலேயே விடாதே. தட்டில் பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை. வெளியே கிடந்த சோற்றில் கிருமி விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

கடைக்குப் போயே ஆகவேண்டுமென்றால் காம்போ வேண்டாம். ஒரு பண்டம், தண்ணீர், அவ்வளவுதான். புள்ளி வைக்க மறக்காதே.

உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. சர்க்கரை வார்டில் எல்லாருக்கும் சாப்பாட்டுப் புத்தி சொல்லிவிட்டு, நைட் டியூட்டி வாரமெல்லாம் உன் கையில் காசைத் திணித்து முக்குக்கடைப் பரோட்டாவுக்கு அனுப்பினவள் நான்தானே. பசித்தால் அடுப்பைப் பற்றவை என்று உனக்குப் பழக்கவே இல்லை. என் தப்பு, கார்த்தி.

புள்ளி எத்தனை என்று எழுது. நான் சொன்ன ஒரு ஆழாக்கு ஒரு ஆளுக்கு. ரெண்டு பேர் என்றால் ரெண்டு ஆழாக்கு போடு. எத்தனை போட்டாய் என்பதையும் எழுது.

அம்மா