தட்டத் தெரிந்த சம்பியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை வெறும் ரௌடித்தனம், அந்தச் செய்திகளை விளையாட்டுப் பக்கத்தில் போடாதீர்கள் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இரத்தம் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான். ஆனால் மொன்றியலில் பிள்ளை வளர்த்தவன் என்பதால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, பள்ளியில் பெரிய பையன்கள் அவனுடைய மத்தியானச் சாப்பாட்டுக் காசைப் பறித்துவந்தார்கள். மாதக்கணக்கில் அவன் வாயே திறக்கவில்லை. அவனைப் பேச வைத்தது கூண்டுச் சண்டை வீரர் ஜோர்ஜ் சென்-பியேரின் கதை. எங்கள் நகரத்துக்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பால் சென்-இசிடோர் என்ற ஊரில் வளர்ந்தவர் அவர். அவரையும் பள்ளியில் அடித்துக் காசைப் பறித்திருக்கிறார்கள். தகப்பனிடம் கராத்தே பழகத் தொடங்கினார். பிற்பாடு படிப்புச் செலவுக்காகக் குப்பை லொறியில் வேலை செய்தார். பயிற்சிக்காக நியூயோர்க்குக்குப் பஸ் ஏறிப் போய்வந்தார். இரவு வேலைக்குப் போய்வந்த எனக்கு அந்தக் களைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும்.

அவருடைய வெற்றிகளை எல்லோரும் எழுதுகிறார்கள். 28 சண்டைகளில் 26 வெற்றி. 170 இறாத்தல் எடைப்பிரிவில் தொடர்ந்து ஒன்பது முறை பட்டத்தைக் காத்தவர். என் வீட்டில் அதிகம் பேசப்பட்டவை அந்த இரண்டு தோல்விகளே.

முதல் தோல்வி 2004 ஒக்டோபரில், மாட் ஹியூஸிடம். முதல் சுற்று முடிய ஒரே ஒரு வினாடி இருந்தது. சென்-பியேரின் கை ஹியூஸின் பிடியில் பூட்டப்பட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தால் மணி அடித்திருக்கும், கை முறிந்தும் இருக்கலாம். அவர் தட்டினார். இந்த விளையாட்டில் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தட்டியவுடன் பிடியை விட்டுவிட வேண்டும். ஹியூஸின் முகத்தை நேராகப் பார்க்கவே தனக்குத் துணிவு வரவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 2006 நவம்பரில், அதே ஹியூஸை வீழ்த்திப் பட்டம் வென்றார்.

ஐந்தே மாதத்தில் அதை இழந்தார். 2007 ஏப்ரலில் ஹூஸ்ரனில், மாட் செராவிடம் முதல் சுற்றிலேயே அடிபட்டு விழுந்தார். செரா வெல்வார் என்று யாருமே எதிர்பார்த்திருக்கவில்லை. என் மகன் அன்றிரவு சாப்பிடவில்லை. அந்தத் தோல்வி மனதை விட்டுப் போகவேண்டும் என்பதற்காக, சென்-பியேர் ஒரு செங்கல்லில் செராவின் பெயரை எழுதிச் சுமந்து திரிந்து, கடைசியில் அதை ஆற்றில் எறிந்தார். 2008 ஏப்ரல் 19, இங்கே மொன்றியலில், பெல் சென்ரர் அரங்கில் செராவுடன் மறுபோட்டி. இந்தச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூ.எஃப்.சி. கனடாவில் நடத்திய முதல் நிகழ்ச்சி அதுதான். டிக்கெட் வாங்க எங்களிடம் வசதி இல்லை. உறவினர் வீட்டில் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தியதும், அதுவரை சமையலறையை விட்டு வராத என் மனைவியும் வந்து நின்று கைதட்டினாள்.

அவர் விலகிய விதத்தையும் சொல்லவேண்டும். 2013இல் ஜோனி ஹென்ரிக்ஸுடன் நடந்த போட்டியில் நடுவர்களின் தீர்ப்பு பிளவுபட்டு, மயிரிழையில் வென்றார். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அடுத்த மாதமே பட்டத்தைத் தானாகவே கையளித்தார். ஊக்கமருந்துச் சோதனை கடுமையாக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பிவந்து, நியூயோர்க்கில் மைக்கேல் பிஸ்பிங்கை வென்று 185 இறாத்தல் பட்டத்தையும் பெற்றார். பெருங்குடல் புண் நோய் என்று தெரிந்ததும், ஒரு மாதம் போல் ஆனவுடனேயே அதையும் விட்டுக்கொடுத்தார். அந்தப் பிரிவில் காத்திருந்தவர்களின் வழியை அவர் மறித்துக்கொண்டிருக்கவில்லை. 2019 பெப்ரவரியில் முற்றாக ஓய்வு பெற்றார்.

என் மகனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. சனிக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். முதல் வகுப்பில் குத்தும் இல்லை, உதையும் இல்லை. எப்போது தட்டுவது, எதிரே இருப்பவன் தட்டினால் எப்படி உடனே விடுவது, இவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்து, தட்டி, விட்டு, கைகொடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள்.

உங்கள் வாசகர் மொன்றியல் பக்கம் வந்தால் தெரியப்படுத்துங்கள். வகுப்பு காலை பத்து மணிக்கு. நானே அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
மொன்றியல்