ஆண்டறிக்கை 2024–25: மூன்று புள்ளி வெற்றிகள் சொல்வதும் மறைப்பதும்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் அமெரிக்கக் கால்பந்து வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, அரங்க ஏற்பாடு பற்றிய விவரங்கள் உங்கள் கையில் உள்ள இணைப்பில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்வையும் குறிப்புத் தாளில் எப்படிக் குறித்தோம், அதில் என்ன தெரிந்தது என்பதற்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வட்டம் இருப்பதே அதற்காகத்தான்.

2023 சீசனில் நம் அணியான மிச்சிகன் பல்கலைக்கழக அணி 15 ஆட்டத்தையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. அதன்பின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போனார்கள். ஷெரோன் மூர் பொறுப்பேற்ற முதல் ஆண்டான 2024-இல் அணி 8 வெற்றி, 5 தோல்வியோடு முடித்தது. இப்படிச் சொன்னால் சுமாரான ஆண்டு. ஆனால் நவம்பர் 30 அன்று கொலம்பஸில், அப்போது நாட்டில் 2-ஆம் இடத்தில் இருந்த ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 13–10 என்று வென்றது நம் அணி. அந்த அணியின் மீது 2021 முதல் தொடர்ந்து நான்காவது வெற்றி. அந்த ஒரு மதியத்தால் சீசன் முழுவதும் நன்றாக நடந்ததுபோல் ஒரு எண்ணம் பலருக்கும் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். அணியின் நிலையை அதை வைத்து அளக்கக் கூடாது என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

13 புள்ளி எங்கிருந்து வந்தது

முதலில் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவரச் சுருக்கம். மிச்சிகன் ஓடி எடுத்தது 172 யார்ட், எறிந்து எடுத்தது 62, மொத்தம் 234. ஓஹாயோ ஸ்டேட் ஓடி 77, எறிந்து 175, மொத்தம் 252. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பறிப்பது). இதை மட்டும் பார்த்தால் சமமான ஆட்டம்தான். புள்ளிகள் எங்கே பிறந்தன என்று பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

முதல் பாதியில் நம் அமீர் ஹால், ஓஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் வில் ஹவர்டின் பந்தைப் பறித்து, கோல் கோட்டுக்கு 2 யார்ட் இருக்கும் இடம் வரை கொண்டுவந்தார். அங்கிருந்து, பந்தோடு ஓடும் நம் கலேல் மலிங்ஸ் கோல் கோட்டைத் தாண்டி டச் டவுன்; கூடுதல் உதையோடு 7 புள்ளி. 7 புள்ளிக்குத் தாக்குதல் அணி கடந்த தூரம் 2 யார்ட். அடுத்த 3 புள்ளி நம் உதைப்பாளர் டாமினிக் ஸ்வாடாவின் 54 யார்ட் ஃபீல்டு கோல் (கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைப்பது). 54 என்றால் பந்து ஏறக்குறைய 37 யார்ட் கோட்டில் நின்றது என்று பொருள். எண்ட் சோன் (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) 10 யார்ட், ஸ்னாப்பில் பந்து உதைப்பதற்காகப் பின்னால் போகும் தூரம் 7 யார்ட், இரண்டையும் கழிக்க வேண்டும். 10 யார்ட் முன்னேற ஓர் அணிக்கு நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி. சாதாரண உதைப்பாளர் இருக்கும் அணி அங்கே பன்ட் அடித்து (பந்தைத் தொலைவாக உதைத்து) எதிரணிக்குக் கொடுத்திருக்கும், அல்லது நான்காவது டவுனில் முயன்று பார்த்திருக்கும். கடைசி 3 புள்ளி, 45 விநாடி மீதியிருக்கும்போது அதே ஸ்வாடாவின் 21 யார்ட் உதை.

ஆக 13-இல் 7 தடுப்பு அணியின் கொடை, 3 ஓர் அபூர்வமான காலின் கொடை. தாக்குதல் அணி தன் உழைப்பால் முழுதாகச் சம்பாதித்தது அந்தக் கடைசி 3 மட்டும்தான். கிடைக்க வேண்டியது கைவிட்டுப்போனதும் உண்டு. நான்காவது குவார்ட்டரில் எதிரணி எல்லைக்கு அருகே நம் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் எறிந்த பந்தை அவர்களுடைய ஜாக் சாயர் பறித்தார். குறைந்தது 3 புள்ளி அங்கே போயிற்று.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஓஹாயோ ஸ்டேட் 38 யார்டிலிருந்து ஒன்று, 34 யார்டிலிருந்து ஒன்று என இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டது. கல்லூரி அளவில் இந்தத் தூரத்து உதைகள் பெரும்பாலும் உள்ளே போகிறவை. இரண்டில் ஒன்று போயிருந்தாலும் கடைசி நிமிடங்களின் கணக்கே வேறு.

உதை ஏன் தவறுகிறது

தொலைக்காட்சியில் 34 யார்ட் உதை எளிதாகத் தெரிகிறது. பந்தை இவற்றுக்கு வெளியே வைக்க முடியாது என்று எல்லை காட்டுபவை ஹாஷ் கோடுகள்; கல்லூரி மைதானத்தில் இரண்டுக்கும் இடையே 40 அடி. என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான், கோல் கம்பங்களின் அகலமும் அதேதான். அதனால் என்.எஃப்.எல்.லில் பந்து எந்த ஹாஷில் இருந்தாலும் கம்பத்துக்கு நேரே நிற்கிறது. கல்லூரியில் ஹாஷ் கோட்டில் வைத்தால் நடுவிலிருந்து 20 அடி தள்ளி நிற்கிறது.

34 யார்ட் என்பது 102 அடி. நடுவிலிருந்து பார்த்தால் கம்பங்களுக்கு இடையே திறப்பு 10 பாகைக்குச் சற்று மேல். ஹாஷிலிருந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட 10 பாகைதான். திறப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் உதைப்பாளர் தன் உடலை நேர்கோட்டிலிருந்து 11 பாகை திருப்பி நிற்க வேண்டும். தூரம் குறையக் குறைய இந்தத் திருப்பம் கூடும். 21 யார்டில் ஹாஷிலிருந்து உதைத்தால் 17 பாகைக்கு மேல். இதனால்தான் ஆட்டத்தின் முடிவில் நல்ல பயிற்சியாளர் உதைக்கு முந்தைய டவுனில் பந்தை நடுவுக்கு ஓட்டி வைப்பார். யார்ட் கிடைக்காத அந்த ஓட்டத்தை நம் தாளில் தோல்வி என்று குறிக்காதீர்கள், தனிக்குறி போடுங்கள். 54 யார்டிலோ நடுவில் வைத்தாலும் திறப்பு ஆறரைப் பாகைதான். சீசன் முழுவதும் 22 முயற்சியில் 21-ஐ உள்ளே அனுப்பியவர் ஸ்வாடா. 50 யார்டும் அதற்கு மேலும் 7-க்கு 7. ஆர்கன்சா ஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்த இவர் இல்லாமல் இந்த ஆண்டின் 8 வெற்றி 8 ஆக இருந்திருக்காது.

உண்மையில் வென்றது எது

தடுப்பு வரிசையின் நடு. மேசன் கிரகாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள்கள். ஓஹாயோ ஸ்டேட் 26 முறை ஓடி 77 யார்ட், சராசரி 3-க்குக் கீழே. எறியும் பந்தைப் பிடிக்கும் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா போன்ற ரிசீவர்கள் ஓரத்தில் நிற்க, அந்த அணி திரும்பத் திரும்ப நடுவிலேயே மோதியது. அவர்களுடைய தாக்குதல் வரிசையின் சென்டரும் இடது டேக்கிளும் காயத்தால் வெளியே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடு அடைபட்டால் இரண்டாவது டவுனில் 8, மூன்றாவதில் 7 என்று தூரம் நீள்கிறது, எறிந்தே ஆக வேண்டிய கட்டாயம் வருகிறது, பறிப்புகள் அங்கே பிறக்கின்றன. ரிசீவர்களை மறிக்கும் நம் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தால் ஆடாதபோதும் இரண்டு இன்டர்செப்ஷன் கிடைத்ததற்கு வேர் முன்வரிசையில் இருக்கிறது. மகாரி பேஜ் பறித்த இரண்டாவது பந்தையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள்.

மறுபக்கம் மலிங்ஸ். 32 முறை ஓடி 116 யார்ட், சராசரி 3.6. பெரிய எண் இல்லை. ஆனால் வாரன் 16 முறை எறிந்து 62 யார்ட், அதாவது ஒரு எறிக்கு 3.9. எறிவதும் ஓடுவதும் ஒரே பலன் தரும்போது, பறிபோகும் ஆபத்து இல்லாத ஓட்டத்தையே தேர்வது சரி. கடைசி டிரைவில் (பந்து ஓர் அணியின் கையில் இருக்கும் தொடர் நகர்வுகள்) மூன்றாவது டவுன், 6 யார்ட் தேவை. மலிங்ஸ் 27 யார்ட் ஓடினார். அந்த ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அதன்பின் மிச்சிகன் ஏன் எறியவில்லை என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். கடிகாரக் கணக்கு இது: பக்கக் கோட்டுக்குள் முடியும் ஓர் ஓட்டம், ஆடும் நேரமும், அடுத்த நகர்வைத் தொடங்கத் தரும் பிளே கிளாக்கின் 40 விநாடியும் சேர்ந்து 45 விநாடி வரை தின்னும். எதிரணி டைம் அவுட் எடுத்தால் அவர்கள் கையிருப்பு ஒன்று குறையும். பிடிபடாத பாஸ் என்றால் கடிகாரம் நின்று, டைம் அவுட் செலவில்லாமலே அந்த 40 விநாடி அவர்களுக்குக் கிடைக்கும். 10–10 என்று சமநிலையில், ஸ்வாடா கையில் இருக்கும்போது, எறிவதால் லாபம் மிகக் குறைவு.

செப்டம்பர் 21 அன்று யு.எஸ்.சி.க்கு (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) எதிரான ஆட்டத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே 24–20 என்று பின்தங்கியிருந்ததால் ஃபீல்டு கோலால் பயனில்லை. 89 யார்ட் டிரைவ், அதில் மலிங்ஸின் 63 யார்ட் ஓட்டம். கோலுக்கு 1 யார்ட் இருக்கையில் நான்காவது டவுனில் அவரே உள்ளே புகுந்தபோது மீதி 37 விநாடி. 27–24. ஒரே ஆள், ஒரே பாணி. முடிவு வேறாக இருந்ததற்குப் பலகையில் இருந்த எண்ணே காரணம். அந்த ஆட்டத்தில் நம் அணி எறிந்து எடுத்தது மொத்தமே 32 யார்ட்.

நெருக்கமான ஆட்டங்களின் கணக்கு

ஒரே ஸ்கோரில், அதாவது 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். யு.எஸ்.சி. 27–24, மின்னசோட்டா 27–24, மிச்சிகன் ஸ்டேட் 24–17, ஓஹாயோ ஸ்டேட் 13–10, டிசம்பர் 31 அன்று அலபாமா 19–13. ஐந்தும் வெற்றி. தோல்வி ஒன்றே, இந்தியானாவிடம் 15–20. ஆக 5–1. மற்ற ஏழு ஆட்டத்தில் 3 வெற்றி, 4 தோல்வி. டெக்சஸிடம் 19, ஆரெகனிடம் 21 புள்ளி வித்தியாசம்.

நெருக்கமான ஆட்டங்களில் கிடைக்கும் 5–1 அடுத்த ஆண்டும் தொடரும் என்று நம்புவதற்கு இடமில்லை. எந்த அணிக்கும் அது காலப்போக்கில் பாதிக்குப் பாதி என்ற பக்கம் இறங்கும். அலபாமா ஆட்டமே சான்று. முதல் குவார்ட்டரில் அவர்கள் மூன்று முறை பந்தை இழந்தார்கள், நாம் 16 புள்ளி எடுத்தோம். மீதி மூன்று குவார்ட்டரில் நமக்குக் கிடைத்தது 3. 2021-இல் இதே ஓஹாயோ ஸ்டேட்டை 297 யார்ட் ஓடி 42–27 என்று வென்ற அணியோடு இதை ஒப்பிடுங்கள். அது எதிரியின் பிழைக்காகக் காத்திருந்த அணி இல்லை.

குறிப்புத் தாளில் கண்ட பிழைகள்

இந்த ஆண்டு வந்த தாள்களில் அடிக்கடி கண்டவற்றை மட்டும் சொல்கிறேன். கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக் சாக் ஆகும்போது (எறியும் முன்பே வீழ்த்தப்படும்போது) இழந்த யார்ட் ஓட்டக் கணக்கில் கழிகிறது. என்.எஃப்.எல்.லில் எறிக் கணக்கில் கழிகிறது. அதிகாரப்பூர்வ எண்ணை அப்படியே எடுத்தால் ஓட்டம் உள்ளதைவிட மோசமாகவும், பாஸ் உள்ளதைவிட நன்றாகவும் தெரியும். சாக்குகளைப் பாஸ் பத்திக்கு மாற்றிய பிறகே சராசரி போடுங்கள். நேரத்தைப் போக்கக் கடைசியில் மண்டியிடுவது ஓட்டமாகவும், கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிப்பது பிடிபடாத பாஸாகவும் பதிவாகும். இரண்டையும் நீக்கிவிடுங்கள்.

ஒரு பிளே வெற்றியா என்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவு: முதல் டவுனில் தேவையில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும். முதல் டவுன் 10-க்கு 5 எடுத்தால் வெற்றி, 4 எடுத்தால் இல்லை. சிலர் 4-ஐ வெற்றி என்று குறித்திருந்தார்கள். அது என்.எஃப்.எல்.லுக்குச் சிலர் வைக்கும் அளவுக்கும்கூட எட்டாது. இன்னொன்று, ஃபம்பிளை (கைதவறித் தரையில் விழுந்த பந்தை) யார் எடுத்தார்கள் என்பதை மட்டும் குறிக்காமல், பந்து எத்தனை முறை விழுந்தது என்பதையும் குறியுங்கள். விழவைப்பது திறமை, எடுப்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுபோல.

2024-இல் வந்த புதிய விதிகளுக்கும் தாளில் இடம் வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் 2 நிமிடம் மீதியிருக்கும்போது ஆட்டம் நிற்கிறது. பின்தங்கிய அணிக்கு இது இலவச டைம் அவுட். ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி உள்ள ஒரே ஆட்டக்காரரோடு பயிற்சியாளர் பேசலாம், பிளே கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். தடுப்பு அணி அதன்பின் இடம் மாறினால் குவார்ட்டர்பேக் தனித்துத் தீர்மானிக்க வேண்டும்.

வரும் ஆண்டு: 2025 சீசன்

அணி நிர்வாகம் 13–10-இல் மயங்கவில்லை என்பது நிறைவு தருகிறது. அந்த வெற்றிக்கு மூன்றாம் நாளே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கர்க் கேம்ப்பெல் நீக்கப்பட்டார். 2025 சீசனுக்கு அவர் இடத்தில் வட கரோலைனாவிலிருந்து சிப் லிண்ட்ஸி வந்தார். பக்கத்து ஊரான பெல்வில்லின் பிரைஸ் அண்டர்வுட் குவார்ட்டர்பேக்காகக் கையெழுத்திட்டிருக்கிறார். ஆனால் வெற்றிக்கு வேராக இருந்த கிரகாம், என்.எஃப்.எல். அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 ஏப்ரல் டிராஃப்டில் 5-ஆவதாக கிளீவ்லாந்துக்கும், கிராண்ட் 13-ஆவதாக மயாமிக்கும் போய்விட்டார்கள். மலிங்ஸும் இல்லை. 2025 சீசனுக்கு ஸ்வாடா இருக்கிறார்.

கொலம்பஸில் ஆட்டம் முடிந்ததும் நடுவில் கொடி நட முயன்று கைகலப்பானதும், இரண்டு அணியும் ஆடும் லீகான பிக் டென் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் விதித்ததும் வருத்தத்துக்குரியவை. நம் கூடுகைகளில் எதிரணி ரசிகர்களும் உட்காருகிறார்கள், அவர்களுக்கு என்றும் இடம் உண்டு.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, குறிப்புத் தாளில் சாக், ஹாஷ், 2 நிமிட நிறுத்தம் ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகள் சேர்ப்பது. இரண்டு, ஒவ்வொரு ஆட்டத்தையும் இருவர் தனித்தனியே குறித்து, மறுநாள் ஒப்பிட்டபின்பே கோப்பில் சேர்ப்பது. 2025 சீசனின் முதல் ஆட்டம் ஆகஸ்ட் 30, நியூ மெக்சிகோவுக்கு எதிராக. அடுத்த வாரமே செப்டம்பர் 6-இல் ஓக்லஹோமா போக வேண்டும். புதிய தாள்கள் ஆகஸ்ட் நடுவில் உறுப்பினர்களுக்கு வந்து சேரும், வந்தவுடன் யு.எஸ்.சி. ஆட்டத்தின் கடைசி டிரைவை அதில் ஒருமுறை குறித்துப் பழகிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்